தேனீயின் ஆட்டமும் தேத்தண்ணிப் பேச்சும்

கோப்பி பூக்கும் நாட்களில் கண்டியைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களுக்குள் போனால் மல்லிகையை ஒத்த ஒரு வாசம் வரும். பாக்கு மரத்தடியில், பலா நிழலில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று கோப்பிச் செடிகள் நிற்கும். யாரும் அவற்றைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஒரு காலத்தில் இந்த மலைகளின் பொருளாதாரமே அந்தச் செடியில்தான் தொங்கியது. 1820களில் கம்பளைக்குப் பக்கத்துச் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்டும், பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையான கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் தோட்டம் போட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி படுத்துவிட்டது, தேயிலை எழுந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வெள்ளைப் பூவுக்குள் நடக்கும் கதை அவ்வளவாகத் தெரியாது.

கோப்பிப் பூவின் தேனில் கஃபீன் இருக்கிறது. எலுமிச்சை, தோடை இனத்துப் பூக்களிலும் இருக்கிறது. மிகச் சிறிய அளவு. தேனீக்குக் கசப்புத் தெரியாத அளவு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் ரைட்டும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சிறிய அளவு என்ன செய்கிறது என்பதைக் காட்டியது. ஒரு வாசனையோடு வெறும் சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பழக்கிய தேனீக்களை விட, கஃபீன் கலந்த கரைசல் கொடுத்துப் பழக்கியவற்றில் மூன்று மடங்கு தேனீக்கள் மறுநாளும் அந்த வாசனையை நினைவில் வைத்திருந்தன. பூவின் பக்கம் இருந்து பார்த்தால் இது நல்ல வியாபாரம். வாடிக்கையாளர் கடையை மறப்பதில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கூவியோனின் குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. கஃபீன் குடித்த தேனீ கூட்டுக்குத் திரும்பியதும் மற்றத் தேனீக்களிடம் என்ன சொல்கிறது? நல்ல பூ கண்ட தேனீ கூட்டுக்குள் வயிற்றை ஆட்டி ஆட்டி எட்டு வடிவில் நடக்கும். அந்த ஆட்டத்தில் திசையும் தூரமும் இருக்கும். சுமாரான பூ என்றால் ஆடாது, அல்லது கொஞ்சமாக ஆடும். அதாவது, ஆட்டம் என்பது தேனீயின் மதிப்பீடு. கஃபீன் குடித்த தேனீக்கள் அதே இனிப்புள்ள கரைசலுக்கு அதிகமாக ஆடின, அதிக தடவை போய் வந்தன. கணக்குப் போட்டால் அந்த இடத்துக்குக் கூட்டிலிருந்து ஆள் திரட்டுவது ஏறத்தாழ நான்கு மடங்கானது. கரைசல் தீர்ந்த பிறகும் அவை அந்த வெறுங்கிண்ணத்துக்கே போய்ப் போய்ப் பார்த்தன, வேறிடம் தேடவில்லை. கூடு முழுவதும் இப்படி ஏமாந்தால் தேன் சேமிப்பே குறையும் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு.

2009இலேயே ஆய்வாளர்கள் அண்ட்ரூ பரனும் ஜீன் ரொபின்சனும் சேர்ந்து தேனீக்களுக்கு மிகச் சிறிய அளவில் கொக்கெயின் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அங்கேயும் இதே கதைதான். தேனீ கண்டபடி ஓடவில்லை, இறக்கையை அடித்துக்கொண்டு விழவில்லை. திசை, தூரம் எல்லாம் சரியாகவே சொன்னது. சாதாரணமாக ஆடத் தகுதியில்லாத உணவுக்கும் ஆடியது, அவ்வளவுதான். கூட்டுக்குள் புளுகு கொஞ்சம் கூடிவிட்டது.

எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளிலும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே ஒரு தேனீயைப் பெட்டியில் அடைத்துப் பார்த்திருந்தால் முக்கியமான விளைவு கண்ணில் பட்டிருக்காது. மருந்து ஒரு தேனீயின் மூளைக்குள் போனது. அதன் பலன் கூட்டின் பேச்சில் வெளிப்பட்டது. ஊக்கி மருந்துகளைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, "இந்த மருந்து ஆளை இப்படி ஆக்கும்" என்று ஒற்றை வரியில் முடிப்பது. பக்கத்தில் யார் இருந்தார்கள், எத்தனை பேர், அவர்களில் யார் பெரியவர் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

செடி ஏன் கஃபீனைச் செய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது முதலில் நஞ்சு. இலை தின்னும் பூச்சிக்கு எதிரான ஆயுதம். அதனால்தான் கிழட்டு இலையை விடக் குருத்தில் அதிகம் இருக்கிறது. நம் பெண்கள் மலையில் நின்று பறிக்கும் கொழுந்து, அந்த இரண்டு இலையும் ஒரு மொட்டும், செடி தன் நஞ்சை அதிகமாகக் குவித்து வைத்திருக்கும் இடம். கோப்பியின் மரபணுத் தொகுதியை 2014இல் முழுதாகப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: கோப்பியும் தேயிலையும் கஃபீன் செய்யும் வித்தையைத் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன. உறவே இல்லாத இரண்டு செடிகள் ஒரே மருந்தைக் கண்டுபிடித்தன. அவை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டி மலைகளில் வந்து உட்கார்ந்தன.

இனி மூளைக்குள். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பிகளில் போய்ப் பொருந்தும்போது சோர்வும் தூக்கமும் வரும். கஃபீன் அந்த ஏற்பிகளில் முன்கூட்டியே போய் உட்கார்ந்து இடத்தைப் பிடித்துவிடுகிறது. புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. சோர்வுச் செய்தி போய்ச் சேராமல் தடுக்கிறது. அதோடு, அடினோசின் பக்கத்திலேயே டோபமின் என்ற இன்னொரு மூளைப் பொருளை அடக்கி வைத்திருப்பதால், அந்தப் பிடி தளரும்போது டோபமினின் வேலையும் சற்று எடுபடும்.

கொக்கெயின், அம்ஃபெற்றமின், மெத்தம்ஃபெற்றமின் ஆகியவை நேராக டோபமினிலேயே கை வைக்கின்றன. நரம்பு வெளியே விட்ட டோபமினை மீண்டும் உள்ளே இழுக்கும் பாதையைக் கொக்கெயின் அடைக்கிறது. அம்ஃபெற்றமின் அந்தப் பாதையைத் தலைகீழாக்கி, உள்ளே இருப்பதையும் வெளியே தள்ளுகிறது. மெத்தம்ஃபெற்றமின் மூளைக்குள் இன்னும் வேகமாகப் போகும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகும். நோரட்ரெனலின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப் பொருளும் இவற்றோடு கூடவே ஏறும். தேத்தண்ணியையும் இவற்றையும் ஒரே சொல்லால் "ஊக்கி" என்பது வேதியியலில் சரி, வாழ்க்கையில் சரியில்லை. ஆனாலும் ஒரு பொது நூல் ஓடுகிறது. டோபமின் வெறும் இன்பத்தின் பொருள் என்று பத்திரிகைகள் எழுதுவது பாதி உண்மை. "இதைக் கவனி, இது முக்கியம்" என்று மூளை ஒன்றின்மேல் குறி வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் பிறந்த மனநல மருத்துவர் சிதிஜ் கபூர் 2003இல் இந்தக் கருத்தை மனநோய்க்கு விரித்துச் சொன்னார்: குறி வைக்க வேண்டாத இடத்திலெல்லாம் குறி விழுந்தால், தெருவில் போகிறவனின் இருமல்கூட உனக்கான செய்தியாகிவிடும்.

அப்படியானால், மருந்து எடுத்தவனுக்குப் பக்கத்தில் சிநேகிதன் இருந்தால் அவன் பேச்சு இனிக்கும். முறைத்துப் பார்க்கும் ஒருவன் இருந்தால் அந்த முறைப்பு பெரிதாகும். இது என் ஊகம் மட்டுமல்ல. விலங்குகளில் பலவிதமாகப் பார்த்திருக்கிறார்கள்.

1946இல் பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் சான்ஸ் சுண்டெலிகளில் அம்ஃபெற்றமினைச் சோதித்தபோது விசித்திரமான ஒன்றைக் கண்டார். தனித்தனிக் கூண்டில் இருந்த எலிகள் தாங்கிக்கொண்ட அளவை விடப் பல மடங்கு குறைந்த அளவே, ஒரே கூண்டில் நெருக்கி வைத்த எலிகளைக் கொன்றது. மருந்து அதே, எலி அதே. கூட்டம் மட்டும் வேறு. நெருக்கத்தில் உடல் வெப்பம் ஏறுகிறது, ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன, இதயம் ஓய்வதில்லை. ஒரு மருந்தின் நச்சு அளவு என்று புத்தகத்தில் ஓர் எண்ணை அச்சடிக்கும்போது, அந்த எலிக்கு எத்தனை பேர் அண்டை வீட்டார் என்பதையும் அச்சடிக்க வேண்டும் போலிருக்கிறது. இரவு விடுதிகளில் நெரிசலில், வெக்கையில், மணிக்கணக்காக ஆடும் இளைஞர்களுக்கு இந்த வகை மருந்துகள் ஏன் சில வேளை உயிராபத்தாகின்றன என்பதற்கும் இதே வெப்பம்தான் ஒரு முக்கியக் காரணம்.

எலிக்குஞ்சுகளின் விளையாட்டு இன்னொரு பக்கம். குட்டி எலிகள் ஒன்றை ஒன்று துரத்தும், கழுத்தைப் பிடிக்கும், மல்லாத்திப் போட்டு மேலே ஏறி நிற்கும். பிறகு முறை மாறும். நெதர்லாந்தில் லூக் ஃபான்டர்சூரனும் அவருடைய சகாக்களும், மெத்தில்ஃபெனிடேற் என்ற ஊக்கி மருந்தைக் கொடுத்தால் இந்த மல்லுக்கட்டு கிட்டத்தட்ட நின்றுவிடுவதை 2008இல் காட்டினார்கள். குட்டிகள் ஒன்றையொன்று முகர்ந்து பார்ப்பது குறையவில்லை. ஆர்வம் இருக்கிறது, விளையாட்டு இல்லை. டோபமினைத் தடுத்துப் பார்த்தும் விளையாட்டு திரும்பவில்லை. நோரட்ரெனலினின் வழியைத் தடுத்தபோதுதான் திரும்பியது. இதே மருந்தைத்தான் கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எந்தப் பெற்றோரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு மாத்திரையால் வகுப்பில் சண்டை குறைகிறது, முறை வரும்வரை காத்திருக்க முடிகிறது. எலிக்குஞ்சின் மல்லுக்கட்டை வைத்துப் பள்ளிப் பிள்ளையைத் தீர்ப்பளிக்க முடியாது.

குரங்குகளுக்கு வருவோம். தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே காட்டில் செங்குரங்குகள் இருக்கின்றன, சிங்களத்தில் ரிலவா. கண்டிக்காரர்களுக்கு அவை கூரையைப் பெயர்க்கும், துணியை இழுக்கும் தொல்லை. கொஞ்சம் நின்று பார்த்தால் அங்கே ஓர் அரசாங்கமே நடப்பது தெரியும். வாழைப்பழம் விழுந்தால் யார் முதலில் எடுப்பது, யார் யாருக்குப் பேன் பார்ப்பது, யார் வந்தால் யார் எழுந்து போவது எல்லாம் ஒழுங்கு. பொலன்னறுவையில் 1968 முதல் இந்த இனத்தைப் படித்த வொல்ஃப்காங் டிட்டஸ், தாயின் தரம் மகளுக்குப் போவதையும், உணவு குறையும் காலத்தில் கீழ்த்தரத்துக் குட்டிகளே முதலில் சாவதையும் பதிவு செய்தார். பரம்பரைச் சொத்து மனிதனுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்தக் காட்டுக்குப் போய் வரலாம்.

இப்படித் தரம் பிரிந்த கூட்டத்தில் ஊக்கி மருந்து போனால் என்ன நடக்கும்? செங்குரங்கில் அப்படி யாரும் செய்யவில்லை, செய்யவும் வேண்டாம். அதன் நெருங்கிய உறவான ரீசஸ் குரங்குகளில் சூசன் ஹேபரும் பார்க்கஸ் தம்பதியும் 1970களின் இறுதியில் அம்ஃபெற்றமின் கொடுத்துப் பார்த்தார்கள். மேல்தரத்துக் குரங்கு இன்னும் அதிகமாக அதட்டியது, துரத்தியது. கீழ்த்தரத்துக் குரங்கு இன்னும் அதிகமாகப் பணிந்தது. ஒரே மருந்து ஒருவனை அடாவடிக்காரனாக்கியது, இன்னொருவனை நடுங்க வைத்தது. "அம்ஃபெற்றமின் மூர்க்கத்தை வளர்க்கும்" என்று எழுதினால் பாதிக் குரங்குகள் அதைப் பொய்யாக்கும். "பயத்தை வளர்க்கும்" என்றால் மீதிப் பாதி பொய்யாக்கும். அவரவர் ஏற்கெனவே எங்கே நின்றார்களோ அந்த இடத்தை மருந்து அழுத்திக் கோடிட்டது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அமெரிக்காவின் வேக் ஃபொரஸ்ற் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடரின் ஆய்வுக்கூடம் இருபது ஆண் குரங்குகளைத் தனித்தனியாக வளர்த்து, மூளையைப் படமெடுத்து, பிறகு நான்கு நான்காகச் சேர்த்து வைத்தது. 2002இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. சேர்ந்து வாழத் தொடங்கியபின் மேல்தரத்துக்கு வந்த குரங்குகளின் மூளையில் டோபமினின் டி2 ஏற்பிகள் கூடியிருந்தன. கீழே போனவற்றில் அந்த மாற்றம் இல்லை. தனியாக இருந்தபோது இவற்றுக்குள் வேறுபாடு இருக்கவில்லை. ஆக, மூளையால் தரம் வரவில்லை. தரத்தால் மூளை மாறியது. அதன்பின் நெம்பை அழுத்தினால் கொக்கெயின் வரும் ஏற்பாட்டைக் கொடுத்தபோது கீழ்த்தரத்தவை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டன. மேல்தரத்தவை உப்புநீரை விட அதை அதிகமாக விரும்பவில்லை.

அழகான கதை, இதோடு நிறுத்திவிட்டால் ஒரு மேடைப் பேச்சுக்கே போதும். ஆனால் பத்து ஆண்டு கழித்து அதே ஆய்வுக்கூடம் பெண் குரங்குகளில் பார்த்தபோது, மேல்தரத்தவைதான் கொக்கெயினை அதிகம் நாடின. ஏற்பிகள் ஆண்களைப் போலவே மேல்தரத்தில் கூடின. நாட்டம் மட்டும் தலைகீழ். ஏழ்மை போதைக்குத் தள்ளுகிறது என்று முதல் ஆய்வை வைத்து எழுதியவர்கள் இரண்டாவதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

மனிதர்களில் இப்படி ஆராய்வது கடினம், ஆனால் முடியாததல்ல. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸும் சகாக்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், அம்ஃபெற்றமின் எடுத்தவர்கள் துணையோடு இருக்கும்போது கூடுதலாகப் பேசினார்கள். பிறகு வந்த சில சோதனைகளில் ஆட்களுக்கு இரண்டு வழி கொடுக்கப்பட்டது: தனியாக இருந்து கொஞ்சம் காசு சம்பாதிக்கலாம், அல்லது இன்னொருவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். அளவான அம்ஃபெற்றமின் எடுத்தவர்கள் காசை விட்டுப் பேச்சைத் தேர்ந்தார்கள். ஆய்வுக்கூடம், நம்பகமான ஆட்கள், ஒரே ஒரு வேளை. அதே மருந்தை நீண்டகாலம், அதிக அளவில் எடுத்தவர்களைப் பற்றி லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் பிலிப் கொனெல் 1958இல் ஒரு நூல் எழுதினார். அதில் 42 நோயாளிகள். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற எண்ணமே அவர்களிடம் திரும்பத் திரும்ப வந்தது. ஆட்கள்மேல் அக்கறை அங்கேயும் குறையவில்லை. அக்கறை சந்தேகமாகத் திரும்பியிருந்தது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நம் பக்கத்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். தேயிலைக்கும் கோப்பிக்கும் முன்பே கண்டி இராச்சியத்தின் ஊக்கி பாக்குத்தான். பாக்கு அரசனின் வருமானம். தென்னிந்தியாவுக்குப் போன பெரிய ஏற்றுமதி. ஒல்லாந்தர் கைப்பற்றத் துடித்த வியாபாரம். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பும்வரை கண்டி நாட்டில் இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் அச்சான தன் நூலில் மக்களின் வெற்றிலை வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைக்கும் சிங்கள வீட்டில் பெரியவரைப் பார்க்கப் போகிறவர் வெற்றிலைக் கட்டை இரு கையாலும் நீட்டிக் கும்பிடுவார். தமிழ் வீட்டில் தாம்பூலத் தட்டு இல்லாமல் சம்பந்தம் பேசுவதில்லை.

பாக்கில் உள்ள அரெகொலின் என்ற பொருள்தான் வேலை செய்கிறது. சுண்ணாம்பு சேரும்போது எச்சில் காரமாகிறது. அரெகொலின் வாயின் தோல் வழியே சீக்கிரம் உள்ளே போகிறது. உடல் சூடேறும், வேர்க்கும், பசி மந்தமாகும், கண் விழிக்கும். அதிகாலைப் பனியில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் வரிசைக்கு, நிற்கும் ஒரு பெண்ணுக்கு இவை எல்லாமே தேவை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ரொஜர் பப்கேயும் குழுவும் 2015இல், புகையிலையின் நிக்கொட்டின் பற்றும் அதே ஏற்பிகளில் அரெகொலினும் பற்றுவதைக் காட்டினார்கள். பாக்கை விடுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு அது ஒரு விளக்கம். வெற்றிலையோடு புகையிலையும் சேரும்போது ஒரே கதவை இரண்டு பேர் தட்டுகிறார்கள்.

என் பார்வையில், இன்னொரு விளக்கம் ஏற்பிக்கு வெளியே இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் லயத்து வாசலில் யாராவது வந்து உட்கார்ந்தால் வெற்றிலைப் பை முதலில் அவிழும், பேச்சு பிறகு வரும். பாக்கு வெட்டுவது ஒருவர், சுண்ணாம்பு தடவுவது ஒருவர், புகையிலை கேட்பது ஒருவர். தனியாக மெல்கிறவரும் உண்டு. ஆனால் நீட்டப்பட்ட வெற்றிலையை வேண்டாமென்று தள்ளுவது மருந்தை மறுப்பது மட்டுமல்ல, ஆளை மறுப்பதுபோல் ஆகிவிடும். பேராதனை பல் மருத்துவபீடத்தின் வைத்தியர்கள் பல தசாப்தங்களாக வாய்ப்புற்று நோயோடு மல்லுக்கட்டுகிறார்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. வாய் திறக்க முடியாதபடி உள்தோல் இறுகிப்போகும் நோய்க்கும் பாக்கே மூலகாரணம். சுவரொட்டிகள் தனி மனிதனிடம் "நிறுத்து" என்கின்றன. வெற்றிலை தனி மனிதனிடம் இல்லாதபோது அந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேரும் என்று நான் யோசிப்பதுண்டு. குடும்பமாக, வரிசை லயமாகப் பேசும் சுகாதார உத்தியோகத்தருக்கு இதில் வேலை அதிகம்.

தேயிலைக்கு இந்தப் பழி இல்லை. 1867இல் கலஹாவுக்கு மேலே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, அதைப் பறிக்கப் போகிறவர்கள் இந்த லயத்து மக்கள் என்பது முடிவாகிவிட்டது. குடிக்கப் போகிறவர்களும் அவர்கள்தான் என்று யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். நல்ல தூள் கப்பலேறியது. மிச்சத் தூளில் சாயத்தண்ணி பிறந்தது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். கோப்பியில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை. தேயிலையில் தியனின் என்ற அமினோ அமிலமும் உண்டு. அது கஃபீனின் படபடப்பைச் சற்று அடக்குகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

தேத்தண்ணி நம்மைக் கலகலப்பாக்குகிறதா? அமெரிக்காவில் வசு உன்னவா என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2018இல், கோப்பி குடித்துவிட்டு ஒரு பொது விஷயத்தைக் குழுவாக விவாதித்தவர்கள் தங்களையும் மற்றவர்களையும் கூடுதல் நல்லெண்ணத்தோடு மதிப்பிட்டதையும், தலைப்பை விட்டு விலகாமல் பேசியதையும் காட்டினார்கள். கஃபீன் நீக்கிய கோப்பிக்கு அந்தப் பலன் இல்லை. விழிப்பு கூடியதுதான் காரணம் என்றார்கள். நான் இதை நம்பத் தயார், ஒரு எச்சரிக்கையோடு. தினமும் குடிப்பவருக்கு 12 முதல் 24 மணி நேரம் கஃபீன் இல்லாவிட்டால் தலைவலியும் எரிச்சலும் தொடங்கிவிடும். காலையில் முதல் கோப்பை உள்ளே போகுமுன் வீட்டில் யார் பேசினாலும் சுள்ளென்று விழுகிறவர்களை நாம் அறிவோம். தேத்தண்ணி தந்த நல்ல மனத்தில் ஒரு பகுதி, தேத்தண்ணி இல்லாததால் வந்த கெட்ட மனத்தின் நிவாரணம். இன்னும் ஒன்று: அடினோசின் ஏற்பியின் மரபணுவில் ஒரு வகை உள்ளவர்களுக்கு அதே கோப்பை பதற்றத்தைத் தரும். பந்தியில் எல்லோரும் சிரிக்க, ஒருவர் மட்டும் கை நடுங்க எழுந்து போவார்.

கூடியிருந்து எடுக்கும் ஊக்கிகளுக்கு உலகமெங்கும் ஒரு தனி ஒழுங்கு உண்டு. யேமனில் மதியத்துக்குப் பிறகு காத் இலையை மென்றபடி மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆண்டீஸ் மலையில் கொக்கா இலையைச் சாம்பலோடு, சுண்ணாம்போடு மெல்வார்கள். நம் வெற்றிலையின் அதே வேதியியல். இலையாக இருக்கும்வரை மருந்து மெதுவாக ஏறும். வாய்க்கும் வயிற்றுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. எவ்வளவு மெல்கிறான் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். இலையிலிருந்து பொருளைப் பிரித்துப் பளிங்காக்கும்போது இந்த மூன்று தடைகளும் போய்விடுகின்றன.

ஜப்பானில் நாகாய் நாகாயோஷி 1893இல் முதலில் உண்டாக்கிய மெத்தம்ஃபெற்றமின், 1919இல் அகிரா ஒகாட்டாவின் கையில் பளிங்கானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையினர் அதைப் பெர்விட்டின் மாத்திரையாக விழுங்கினார்கள். இன்று கண்டி உட்பட இலங்கை முழுவதும் அதன் பெயர் ஐஸ். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 5 கிராமுக்கு மேல் வைத்திருந்தாலோ கடத்தினாலோ மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றாகியது. புகைத்தால் சில நொடிகளில் மூளைக்குப் போகும்; அதன் பிடி நாள் முழுக்க இருக்கும். முதல் சில தடவைகள் அது கூட்டாளிகளின் மருந்து. பேச்சு நிற்காது, தூக்கம் வராது, எல்லோரும் சிநேகிதர். கிரிஃபித்ஸின் ஆய்வுக்கூடத்தில் கண்டது அதுதான். பிறகு கொனெலின் நோயாளிகளின் கட்டம் வரும். யன்னலை அடைப்பார்கள், கைபேசியைக் கழற்றிப் பார்ப்பார்கள், தாய் தந்த சோற்றைச் சந்தேகிப்பார்கள். வீட்டார் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: முன்பு இப்படி இல்லை, இப்போது முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. டோபமின் அமைப்பு களைத்துப்போனபின் மனித முகத்தின் சிறிய இன்பங்கள் அதில் பதிவதில்லை.

மெத்தம்ஃபெற்றமின் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் உலகில் இன்னும் இல்லை. மருந்து எடுக்கவில்லை என்று பரிசோதனையில் தெரிந்த ஒவ்வொரு முறையும் உடனடியாக ஒரு சிறு பரிசு தருவது, ஆலோசனை, துணை ஆகியவையே இதுவரை கண்ட பலனுள்ள வழிகள். இந்த இடத்தில் 2018இல் மார்க்கோ வெனிரோவும் யாவின் ஷஹாமும் அமெரிக்காவில் செய்த எலி ஆய்வைச் சொல்ல வேண்டும். எலிகளுக்கு இரண்டு நெம்புகள். ஒன்றை அழுத்தினால் மெத்தம்ஃபெற்றமின். மற்றதை அழுத்தினால் ஒரு கதவு திறந்து இன்னொரு எலி வரும், ஒரு நிமிடம் சேர்ந்திருக்கலாம். ஏற்கெனவே மருந்துக்கு அடிமையான எலிகள் உட்பட, ஏறத்தாழ எல்லாமே எலித் துணையைத் தேர்ந்தன. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலான தடவைகளில் மருந்து நெம்பு தொடப்படாமல் கிடந்தது.

பிறகு ஆய்வாளர்கள் ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். துணைக்கான நெம்பை அழுத்தியதும் கதவு உடனே திறக்கவில்லை. கொஞ்சம் தாமதித்துத் திறந்தது. இன்னொரு சோதனையில், துணையைத் தேடினால் காலில் லேசான மின்னதிர்ச்சி கிடைத்தது. தாமதம் நீள நீள, அதிர்ச்சி கூடக் கூட, எலிகள் ஒவ்வொன்றாக மருந்தின் பக்கம் திரும்பின.